பாணதீர்த்தத்திற்கு நான் வந்திருந்தேன்

மலையிலிருந்து எழுதிக்கொண்டே இருந்து, ஒருநாள் எழுதாமற்போன என் அன்பிற்குரிய நாதருக்கு,

தங்கள் மனையாள் கோமதி சேரன்மகாதேவியிலிருந்து எழுதுவது. இக்கடிதத்தை உறையிலிட்டு அனுப்ப எனக்கு விலாசம் இல்லை. ஆகையால் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். பலரும் படிப்பார்களே என்று தாங்கள் கூச்சப்பட வேண்டாம். தங்கள் கடிதங்களை நம் வீடு முழுவதும் உட்கார்ந்து கேட்டதல்லவா? என் பதிலை நாடு கேட்டால் என்ன குறைந்துவிடும்?

கேட்பவர்கள் பொருட்டு, தங்களுக்குத் தெரிந்ததையே ஒருமுறை சொல்கிறேன். தாங்கள் பாபநாசத்துக்கு மேலே, முண்டந்துறையில், காட்டிலாகாக் காவலராக இருந்தீர்கள். வருஷத்துக்கு இருமுறை வீட்டுக்கு வந்தீர்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் மலைக்காய்ச்சலில் மறைந்தீர்கள். அதற்கு முந்திய பதினான்கு மாதங்களில் தங்கள் கடிதம் ஒன்றுகூட நான்கு வரியைத் தாண்டவில்லை. என்மேல் என்ன வருத்தம்? அதை அறியாமல் என்னால் இருக்க முடியவில்லை. அதற்காகவே இந்த ஆடி அமாவாசைக்கு மலையேறி வந்தேன்.

முன்னாளில் தங்கள் கடிதங்கள் நீளமானவை. தபால்காரர் வந்ததும் மாமா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூடத்தில் உட்காருவார். அத்தை, தங்கள் தங்கை வடிவு, வேலையாட்கள், எதிர்வீட்டார் எல்லோரும் கூடிவிடுவார்கள். நான் அடுக்களைக் கதவின் பின்னால் நிற்பேன். அது எனக்கு வந்த கடிதமென்று ஒருவரும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்த கடிதம். நானும் வீட்டில் ஒருத்தி.

“பாணதீர்த்தத்தில் தண்ணீர் நிரம்ப விழுகிறது. எதிரே ஒரு பாறை உள்ளது. இருவர் இருக்க இடமுண்டு” என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள். மாமா கண்ணாடிக்கு மேலாக அத்தையைப் பார்த்து, “என்னளா, ஒம்மவன் காட்டக் காக்கானா, பாறைய அளக்கானா?” என்றார். கூடமே சிரித்தது. கதவின் பின்னால் நானும் சிரித்தேன். இன்னொரு கடிதத்தில், பெயர் தெரியாத மரமொன்று பூத்திருப்பதாகவும், அதன் மணம் நம் கொல்லைப் பிச்சிப்பூவைப் போல் இருப்பதாகவும் எழுதினீர்கள். கொல்லையில் பிச்சிக்கு நீர் வார்ப்பவள் நான். ஆயினும் அதை நான் மரத்தைப் பற்றிய செய்தியாகவே கேட்டுக்கொண்டேன். அருவியையும் மழையையும் தவிர வேறொன்றும் எழுதத் தெரியாத மனிதருக்கு வாழ்க்கைப்பட்டோமே என்றுகூட எண்ணியதுண்டு.

எனக்கு எழுத்துக் கற்பித்தவர் எவருமில்லை. இதைச் சற்றுப் பெருமையோடுதான் சொல்கிறேன். மாமா ஒவ்வொரு கடிதத்தையும் இரண்டுமுறை வாசிப்பார். அதற்குள் எனக்கு அது மனப்பாடமாகிவிடும். பின்பு அவர் மாடத்தில் செருகி வைத்ததை எடுத்து, மனத்திலுள்ள சொல்லைத் தாளிலுள்ள எழுத்தோடு வைத்து வைத்துப் பார்ப்பேன். ‘தண்ணீர்’ என்ற சொல்லை அப்படிப் பிடித்தேன். அதிலிருந்து ‘த’ வந்தது, ‘ர்’ வந்தது. ஒன்றரை வருஷத்தில் தங்கள் கையெழுத்து எனக்கு வசமாயிற்று. அதன் பிறகே அச்சடித்த புத்தகங்களைத் தொட்டேன், பிறகு இலக்கணம். எதற்காக இவ்வளவு பாடு? என் கணவர் எழுதுவதை நான் முதலில் வாசிக்க வேண்டும், நமக்கு நடுவே யாரும் உட்காரக்கூடாது என்பதற்காக.

மாமாவின் கண்ணில் படலம் விழுந்தது. ஒருநாள் கடிதத்தை வைத்துக்கொண்டு அவர் தடுமாறுகையில், நான் கதவை விட்டு முன்னே வந்து, “நான் வாசிக்கிறேன், மாமா” என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு கடிதத்தை நீட்டினார். அன்று முதல் தபால்காரர் என் கையிலேயே கொடுத்தார். அந்த வாரமே தங்களுக்கு என் முதற்கடிதத்தை எழுதினேன். ஐந்து பக்கங்கள், ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல்.

அதன் கடைசிப் பக்கத்தைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

தாங்கள் ரகரமும் றகரமும் பேதமின்றி எழுதுவதாக அதில் குறித்திருந்தேன். “‘அறுவி’ அன்று, அருவி. ‘பாரை’ என்றால் அது கடப்பாரையில் வருவது, தாங்கள் கருதியது பாறை” என்று வரிசைப்படுத்தி, பன்னிரண்டு பிழைகளைக் காட்டியிருந்தேன். எந்தக் கையெழுத்து எனக்கு அரிச்சுவடியோ அதற்கே நான் பாடம் சொன்னேன். தீங்கு நினைத்தல்ல. எனக்கும் தெரியும் என்று காட்டுவதற்கு வேறு வழி அறியாமற்போனேன்.

அதற்குப் பின் வந்தது தங்களுடைய முதல் நான்கு வரிக் கடிதம். நலம், நலமறிய அவா, பெற்றோரை நன்கு கவனிக்கவும், இப்படிக்கு. ஒரு பிழையும் இல்லை. அருவியும் இல்லை. அடுத்த மாதமும் அப்படியே, அதற்கடுத்த மாதமும். விடுமுறைக்கு வந்தபோது கேட்டேன். “எழுதுதக்கு அங்கன என்ன இருக்கு?” என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டீர்கள். மறுபடி கேட்க என் தன்மதிப்பு இடந்தரவில்லை. மறுபடி கேட்கலாம் என்று மனம் இளகியபோது தந்தி வந்தது.

இவ்வளவுதான் நான் மலைக்குச் சுமந்து வந்தது.

மாமா முதலில் சம்மதிக்கவில்லை. சொரிமுத்தையன் கோயிலுக்கு நேர்ச்சை இருப்பதாக வடிவு சொன்னாள். அப்படியொரு நேர்ச்சை இல்லையென்பது அவளுக்கும் எனக்கும் ஐயனுக்கும் தெரியும். அம்பாசமுத்திரம் வரைக்கும் ரயிலில் போனோம். வழியில் ஒவ்வொரு நிலையத்துப் பலகையையும் நான் உரக்க வாசித்தேன். வடிவு, “எல்லாருக்கும் தெரிஞ்சிட்டு மதினி, ஒனக்கு வாசிக்கத் தெரியும்னு” என்று என்னை அடக்கினாள். பிறகு மாட்டுவண்டி. பாபநாசத்தில் நீராடி, ஆடியிலே மலையேறும் சனங்களோடு சேர்ந்து நடந்தோம். மேலே போகப்போக ஆறு வேறாகிவிடுகிறது. நம் ஊரில் வயலுக்கிடையே சத்தமில்லாமல் போகும் பொருநையா இது? பாறைக்குப் பாறை முட்டி, பேசிக்கொண்டே இறங்குகிறது. தாங்கள் இதன் ஓசையிலேயே பதினொரு வருஷம் உறங்கி விழித்தீர்கள் என்று எண்ணியபோது, நம் வீட்டில் தங்களுக்கு ஏன் உறக்கம் வரவில்லையென்று எனக்கு விளங்கிற்று.

கோயிலருகே, கூட்டத்தை ஒழுங்கு செய்துகொண்டிருந்த காட்டிலாகாக் காவலர் ஒருவரிடம் விசாரித்தேன். முண்டந்துறையில் காவலராயிருந்து காலமானவரைப் பற்றி அறிய விரும்புகிறேன் என்றேன்.

“அஞ்சாறு பேரு செத்திருக்காவ, தாயி. எந்தக் காவலரு?”

நான் என்ன செய்வேன்? தங்கள் பெயர் என் வாயில் வரலாமா? உயரத்தைச் சொன்னேன். இடப்புருவத்துத் தழும்பைச் சொன்னேன். அவர் விழித்தார். இலக்கணம் கற்ற நான், கணவர் பெயரைச் சொல்லமாட்டாமல் நடுக்காட்டில் ஊமையாய் நின்றேன். வடிவுதான் முன்னே வந்து, “எங்கண்ணன்” என்று தங்கள் பெயரைச் சொன்னாள். மூன்று வருஷத்தில் அந்தப் பெயரை ஒருவர் உரக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். “அப்போ நீங்க மதினி” என்றார். அவர் பெயர் மாடசாமி. தங்களோடு ஒரே குடிசையில் இருந்தவராம். பாணதீர்த்தத்துக்கு அழைத்துப் போக முடியுமா என்று கேட்டேன். மறுநாள் காலை தாமே வந்து கூட்டிப்போனார்.

காலில் அட்டை ஏறாதிருக்கப் புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிக்கொண்டோம். வடிவுக்குக் கால் ஓய்ந்ததே தவிர வாய் ஓயவில்லை.

“ஏ அண்ணாச்சி, இது பாதையா, யானை போன தடமா?”

“ரெண்டும் ஒண்ணுதான். அது போட்ட பாதையிலதான் நாங்க போறோம்.”

“அது திரும்பி எதுக்க வந்தா?”

“பைய ஒதுங்கி வழி விட்டிரணும். அது சர்க்கார் யானை, நாம தனியார்.”

நான் சிரித்துவிட்டேன். தாங்களும் இவருடைய இந்தப் பேச்சுக்குச் சிரித்திருப்பீர்கள் என்ற நினைவு உடனே வந்தது. நான் அறியாத சிரிப்பு.

அருவியைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. தாங்கள் எழுதியதே சரி: தண்ணீர் நிரம்ப விழுகிறது. வேறென்ன சொன்னாலும் அது என் புலமையாகுமே தவிர அருவியாகாது. வானம் மூடியிருந்தது, ஈரம் முகத்தில் புகைபோல் வந்து படிந்தது. தாங்கள் சொன்ன பாறையைக் காட்டும்படி மாடசாமியைக் கேட்டேன்.

“நீங்க நிக்குததே அதுதான், மதினி.”

குனிந்து பார்த்தேன். நம் வீட்டுக் கூடத்தைவிட அகலமான பாறை. இருபது பேர் சம்மணமிட்டு உண்ணலாம். கோயிலுக்கு வருகிறவர்கள் அங்கே பந்தி போடுவதுண்டென்று அவரே சொன்னார். வெட்டிய மரத்தை விரற்கடை பிசகாமல் அளந்து சொல்லும் மனிதர், இந்தப் பாறையில் இருவர் இருக்க இடமுண்டு என்று எழுதினீர்கள். மாமா வாசித்தார். கூடம் சிரித்தது. கதவின் பின்னால் நின்ற ஒருத்திக்காக எழுதப்பட்டது அது. அவளுக்கு மட்டும் அது கேட்கவேயில்லை.

அப்படியானால் தாங்கள் என்னை அழைத்துக்கொண்டே இருந்தீர்கள். பிறகு ஏன் நிறுத்தினீர்கள்? எல்லோரும் கேட்கும்போது சொன்னவர், நான் ஒருத்தி மட்டும் வாசிக்கும்போது சொல்லாமற்போனது ஏன்? மாடசாமியிடம் நேராகவே கேட்டேன். என் கடிதத்தால் அவருக்குக் கோபமா?

அவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, அருவியைப் பார்த்தவாறு பேசினார்.

“அந்தக் காயிதத்த எங்க எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினாவ, மதினி. ‘எம் பொஞ்சாதி எழுத்தப் பாருங்கலே, அச்சுல வார்த்த மாதிரி’ன்னு ஒரே பெருமை. கடைசித் தாள மட்டும் மடிச்சுப் பைக்குள்ள வச்சுக்கிட்டாவ. அதுக்குப் பொறவு, எது எழுதினாலும் ஆபீசு ரைட்டருகிட்ட கொண்டு போவாவ. தப்புப் பாத்துக் குடுக்கச் சொல்லி. அஞ்சு மைலு நடந்து.”

“ரைட்டரிடமா?”

“‘படிச்ச பொம்பளைக்குத் தப்புத் தப்பா எழுதினா வெக்கக்கேடுலே’ம்பாவ. இன்னொருத்தன் கையில குடுக்குத காயிதத்துல பொஞ்சாதிக்கு என்னத்த எழுத முடியும்? நலம்னு எழுதலாம். கோவம்லாம் ஒண்ணுமில்ல மதினி. கூச்சம்.”

நமக்கு நடுவே ஒருவரும் உட்காரக்கூடாது என்று எழுத்துக் கற்றேன். அந்த இடத்தில் ஒரு ரைட்டரைக் கொண்டுவந்து உட்கார வைத்தவளும் நானே. மாமா வாசித்தபோதாவது ஓர் அருவியையும் ஒரு மரத்தையும் சாக்கிட்டுத் தங்களால் என்னோடு பேச முடிந்தது. நான் அதையும் அடைத்துவிட்டேன். பன்னிரண்டு பிழைகளை நீக்கினேன். அவற்றோடு தாங்களும் நீங்கிப்போனீர்கள்.

வடிவு என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். “அழுதா அழு, இல்லைன்னா அருவியப் பாரு. ரெண்டையும் ஒண்ணாச் செய்யாத, ஒண்ணும் தெரியாது” என்றாள். நான் பார்த்தேன். அழுகை வண்டியில் திரும்பும்போது வந்தது.

இங்கே செய்தி இதுதான். அத்தை சுகம். மாமாவுக்குப் பார்வை முழுதும் போய்விட்டது. பகற்பொழுதில் நான் அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன். நம் தெருவில் இப்போது நான்கு வீட்டு ஆண்கள் கொழும்புக்கும் ரங்கோனுக்கும் போயிருக்கிறார்கள். அவர்கள் கடிதமெல்லாம் என்னிடம்தான் வருகின்றன. மூன்றாம் வீட்டுப் பேச்சியம்மாளை நினைவிருக்கிறதா? என் வயதுதான் அவளுக்கு. அவள் புருஷன் தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுதுவதை, நான் வாசிக்கும்போதே செந்தமிழாக்கிச் சொல்லி வந்தேன். அவள் ஒருநாள் சந்தேகத்தோடு, “அவிய இப்பிடிப் பேச மாட்டாவளே, யக்கா” என்றாள். அன்று அது எனக்கு வேடிக்கையாயிருந்தது.

மலையிலிருந்து திரும்பிய வாரத்தில் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. அவன் எழுதியதை எழுதியபடியே, பிழையும் கொச்சையுமாக, இரண்டுமுறை வாசித்தேன். அவள் முகம் சிவந்து, முந்தானையால் மூடிக்கொண்டாள். அப்படி என்ன எழுதியிருந்தது என்கிறீர்களா? தோட்டத்தில் குளிர் அதிகமாம். கம்பளி ஒன்றுதான் இருக்கிறதாம். அவ்வளவே. கடிதத்தை அவள் கையில் கொடுத்து, மனத்தில் இருப்பதைத் தாளில் தேடச் சொன்னேன். முதல் வரியில் தன் பெயர் இருக்கும் இடத்தை அவளே பிடித்தாள். இப்போது நாள்தோறும் உச்சிப்பொழுதில் வருகிறாள். அக்கடிதத்தின் ஏழு வரியில் நான்கு வரி அவளுக்கு வந்துவிட்டது.

தங்களுக்கு நான் தரக்கூடியதாக வேறொன்றும் இல்லாமையால், ஒரு வாக்குத் தருகிறேன். இனி என் உயிருள்ளவரை, ஒருவர் மற்றொருவருக்கு எழுதியதில் ஓர் எழுத்தையும் திருத்தமாட்டேன். பேச்சியம்மாள் தன் கடிதத்தைத் தானே வாசிக்கத் தொடங்கும் நாளில் நான் அந்த அறையில் இருக்கமாட்டேன். கதவைச் சாத்திவிட்டுக் கொல்லைக்குப் போய்விடுவேன்.

இங்ஙனம்,
அழைத்தது கேட்டு, காலந்தாழ்த்தி வந்த
தங்கள் மனையாள்
கோமதி