கட்டைவிரல் அளவுப் பெயர்

அன்புள்ள மகன் அலிக்குக்கு அம்மா எழுதுவது. உடம்புக்கு எனக்கு ஒன்றுமில்லை, நீயும் மாண்ட்ரியல் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்கக் கர்த்தர் பார்த்துக்கொள்ளட்டும். மனசுதான் ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. அப்பாவை அடக்கம் பண்ணினதிலிருந்து உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. ஓட்ஸ் கஞ்சியை அடுப்பில் விட்டுவிட்டுப் பட்டறைக்குப் போய் நிற்கிறேன், கஞ்சி அடிப்பிடித்துப்போகிறது.

பட்டறையில் இப்போது லோரிமர்தான் கோல்ஃப் மட்டை செய்கிறான். அப்பாவிடம் இத்தனை வருஷம் வேலை பார்த்தவன், கெட்டவன் இல்லை. ஆனால் அப்பா போன பிறகும், தான் செய்த மட்டைத் தலையில் எல்லாம் அப்பாவின் பெயர் அச்சைத்தான் அடித்து விற்றிருக்கிறான். போன வாரம் மேஜர் டன்பார் வந்து, தலை வேறு தண்டு வேறாக ஒரு மட்டையை மேசையில் போட்டு, உன் புருஷனுக்குக் கண் அவிஞ்சுபோச்சா, பச்சை மரத்துல பண்ணியிருக்கானே என்று கத்தினார். ஊரில் இல்லாதவர், இந்த மாசம்தான் ஆள் விட்டு மட்டை வாங்கினவர், சாவு தெரியாது. அவர் போன மாசமே போய்ச் சேர்ந்துட்டாரு ஐயா என்றேன். தொப்பியைக் கழற்றிவிட்டு, அப்ப இதுல எப்படி அவன் பேரு என்று கேட்டார். நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன் சொல். காயாத மரத்தை அப்பா தொடுவாரா? தானே வீசிப் பார்க்காமல் ஒன்றிலாவது அச்சு அடித்திருப்பாரா?

லோரிமரைக் கேட்டால், ஐயாவோட ரின்டூல் பேரு இல்லாட்டி நாய்கூட வாங்காதும்மா, உங்க வயித்துக்கும் சேர்த்துத்தான் அடிச்சேன் என்கிறான். அதுவும் நிஜம்தான். அச்சைப் பிடுங்கிப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டேன். நடக்கும்போதெல்லாம் தொடையில் இடிக்கிறது. திருப்பிக் கொடுப்பதா கடலில் எறிவதா என்று கரையில் அங்குமிங்கும் நடந்தேன், மீன்காரி கிரிஸ்ஸல் என்ன எல்ஸ்பெத், மணலை உழுறியா என்று கேலி பண்ணினாள்.

நேற்று, மட்டைத் தலைக்கென்று அப்பா காயப்போட்டிருந்த பீச் மரத்தில் ஒரு பலகை எடுத்து, கல்லறையில் நட இழைத்துக் கொடு என்று லோரிமரிடம் சொன்னேன். கல் வைக்க நமக்கு ஏது வழி. பேரைப் பெரிசா செதுக்கட்டுமா என்றான். வேண்டாம் என்று அச்சை வைத்து நானே சுத்தியலால் ஒரே அடி. கட்டைவிரல் அளவுதான் பெயர், குனிந்தால்தான் தெரியும். தெரிந்தவர்கள் குனியட்டும். இனி உன் மட்டையில உன் பேரை அடி, விக்காட்டி ரெண்டு பேரும் பட்டினி கிடப்போம் என்று சொல்லிவிட்டேன். அழுதுவிட்டான். நான் அழவில்லை.

அச்சு என்னிடம் இருந்தால் எனக்கே புத்தி மாறும், அதனால் இதோடு அனுப்புகிறேன். கர்த்தர் உன்னைக் காப்பார். கம்பளிக் காலுறை இல்லாமல் வெளியே போகாதே. நீயும் மரவேலை செய்கிறவன், ஆசையில் இதை எதிலும் அடித்துவிடாதே.

உன் அம்மா,
எல்ஸ்பெத் ரின்டூல்