நூற்றெண்பது ரூபாய் என்று எழுதிய பக்கம்

அத்தான்,

முந்தாநாள் அக்கா உங்கள் மழை நோட்டை ஒரு மஞ்சள் பையில் போட்டு என் கடைக்குக் கொண்டுவந்தாள். பிரித்ததும் வேப்பிலையும் உளுந்துத் தூசியும் கலந்த வாசம் அடித்தது. விதை டிரம்முக்குள்தான் வைத்திருந்தீர்களாம். மாசியில் நீங்கள் போனதிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. இருபது வருஷமாக ஜெராக்ஸ் மை நாற்றத்தில் ஊறிப்போன என் மூக்குக்கு அது உங்கள் சட்டை வாசமாகவே பட்டது.

அக்கா வந்தது உங்கள் ஷேர்களைத் தன் பெயருக்கு மாற்ற. அவளை நாமினியாகப் போட்டிருந்தது நல்லதாயிற்று. இறப்புச் சான்றிதழ், ஆதார், இரண்டு படிவம், அவ்வளவுதான். கோவில்பட்டியில் யார் யாருக்கோ தினமும் செய்துகொடுக்கிற வேலை. ஆனால் அவள் நோட்டைத் திறந்து ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள்.

“இங்கன பாரு. நூத்தெம்பது ரூவான்னு அவிய கையால எழுதியிருக்காவ. நம்மகிட்ட அம்பதாயிரம் ஷேர் கெடக்கு. இப்ப வெல கொறவுதான், எனக்குத் தெரியும். நூத்தெம்பது வேண்டாம்லே. அதுல கால்வாசி வந்தாப் போதும், வடக்குப் புஞ்சைய மீட்டுருவேன்.”

வடக்குப் புஞ்சையை நம்மிடம் வாங்கியவர் இப்போது விற்கத் தயாராக இருக்கிறாராம். வெள்ளிக்கிழமைக்குள் அட்வான்ஸ் வேண்டுமாம். கழுத்தில் கிடக்கும் ஒற்றைச் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்துவிட்டு, மீதியை ஆறு மாதத்தில் ஷேர் விற்றுக் கொடுப்பதாக அக்கா பேசி வைத்திருக்கிறாள். அவளிடம் மிஞ்சிய நகை அது ஒன்றுதான். நான் படிவத்தை நிரப்புவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அந்த ஷேர் உங்கள் கண்ணில் பட்டதே ஒரு வேடிக்கை. வடக்குப் புஞ்சையில் போர் போட்டீர்கள். எழுநூறு அடிக்குக் கீழேயும் புகைதான் வந்தது. வாங்கிய குழாய்கள் மட்டும் வெயிலில் கிடந்து ஒரு கீறல் விழாமல் இருந்தன. “தண்ணி வராட்டாலும் கொழா நல்ல கொழா மாப்ள” என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினீர்கள். வடக்கே எங்கோ இருக்கிற அந்தக் குழாய்க் கம்பெனியின் பெயரை நாம் இருவரும் கடைசிவரை ஒழுங்காக உச்சரித்ததில்லை. அதன் ஷேர் நூற்றெண்பது ரூபாய் என்று குழாய்க் கடைக்காரர் இங்கிலீஷ் பேப்பரில் காட்டியதும், அன்றைக்கே மழை நோட்டில் ஓரமாகக் குறித்துக்கொண்டீர்கள். ஒரு பக்கம் ‘ஒரு உழவு மழை’, ‘ரெண்டு பாட்டம்’, ‘தூத்தலோடு சரி’. மறு பக்கம் ஷேர் விலை. வாங்க அப்போது உங்களிடம் காசு கிடையாது. சும்மா பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

பிறகு மூன்று வருஷத்துப் பக்கங்களில் மழை மட்டும்தான் இருக்கிறது. விலை இறங்க இறங்க அந்தப் பெயரைப் பேப்பரில் போடுவதையே நிறுத்திவிட்டார்கள். அந்த இடைவெளியில்தான் எல்லாம் நடந்திருக்கிறது அத்தான். நமக்குத் தெரியாது.

போர்க் கடனுக்கு வடக்குப் புஞ்சை இரண்டு ஏக்கரையும் விற்ற வாரம், மிஞ்சிய பணத்தோடு என் கடைக்கு வந்தீர்கள். ஜெராக்ஸோடு ஷேர் வேலையும் பார்க்கிற நான்தான் கணக்குத் திறந்து கொடுத்தேன். அந்த ஷேர் அப்போது இரண்டு ரூபாய் பத்துப் பைசா. உங்கள் முகம் மலர்ந்துவிட்டது. நூற்றெண்பது விற்ற சாமான் இரண்டு ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று. நான் போனில் பழைய விலைகளின் படத்தை விரித்துக் காட்டினேன். மலைபோல ஏறி இறங்கிய அந்தக் கோட்டின் உச்சியில் விரலை வைத்தால் பதினெட்டு என்று காட்டியது.

“பதினெட்டா? ஒரு சைபர முழுங்கிட்டு மாப்ள ஒன் போனு. நான் பேப்பரப் பாத்து எழுதுனது பொய்யாப் போவுமா?”

எனக்கும் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். கடைக்காரன் தெரியாது என்று சொல்வானா? “போன்ல தப்பா ஏத்தியிருப்பானுவ அத்தான்” என்றேன். நீங்கள் சிரித்துக்கொண்டே இருபதாயிரம் ஷேர் வாங்கினீர்கள். அக்காவுக்கு அல்வா வாங்கிக்கொண்டு ஊருக்குப் போக எப்போதும்வென்றான் பஸ் ஏறினீர்கள்.

விலை ஒன்றேகால் ரூபாய்க்கு இறங்கியபோது, விற்றுவிடச் சொல்லலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் நீங்களே பேசினீர்கள். மானாவாரிக்காரர் பேச்சு அது. “புழுதியில வெதச்சோம், மழ ஏமாத்திட்டு. வெத செத்துப்போச்சுன்னு நெலத்தச் சும்மா போடுதோமா? மறுவெதப்பு போடுதோம்லா. இதுவும் அப்படித்தான். மூணு வருசம் காஞ்ச காட்டுல நாலாவது வருசம் பேஞ்சிருக்கு, நோட்ட எடுத்துப் பாரு.” சொல்லிவிட்டு இன்னொரு பதினைந்தாயிரம் வாங்கினீர்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மழைக்கு அது சரிதான். கரிசல் காட்டுக்கு ஒருநாள் மழை திரும்பி வரும். ஒரு கம்பெனிக்குப் பழைய விலை திரும்பி வரவேண்டும் என்று எந்தப் பருவமும் கிடையாது. இதை இப்போது எழுத எனக்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்.

அதற்கு மறு வருஷம், எதிர்த்த ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் பெண் பிரிண்ட் எடுக்க வந்தாள். பேச்சுவாக்கில் பதினெட்டு, நூற்றெண்பது விவகாரத்தைக் கேட்டேன். கம்பெனியின் பெயரைத் தட்டிப் பார்த்து இரண்டே நிமிஷத்தில் சொல்லிவிட்டாள். நடுவில் ஒரு தடவை ஒவ்வொரு ஷேரையும் பத்தாகப் பிரித்திருக்கிறார்கள். பிரித்த பிறகு பழைய விலைகளையும் பத்தால் வகுத்துத்தான் படத்தில் காட்டுவார்கள். இல்லாவிட்டால் அன்றைய விலையையும் இன்றைய விலையையும் ஒப்பிட முடியாது. போனும் பொய் சொல்லவில்லை, உங்கள் நோட்டும் பொய் சொல்லவில்லை. நீங்கள் வாங்கிய துண்டு ஒருநாளும் நூற்றெண்பது விற்றதில்லை. அதன் உச்சமே பதினெட்டுதான். கடன் முற்றிப்போய்க் கம்பெனி பாதி மூடிக் கிடப்பதையும் அவளே காட்டினாள்.

அந்த வாரமே நீங்கள் வந்தீர்கள். மிளகாய் விற்ற காசு சட்டைப் பையில் புடைத்துக்கொண்டிருந்தது. “எம்பது பைசாவுக்கு வந்துட்டு மாப்ள, கடைசி வெதப்பு” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். நெஞ்சு வலிக்கு மாத்திரை சாப்பிடத் தொடங்கியிருந்த நாட்கள். புஞ்சை போனதற்குப் பிறகு உங்கள் முகத்தில் சிரிப்பு வருவது அந்த ஷேரைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான். சொன்னால் அது போய்விடும். நான் அன்றைக்குச் சொன்ன ‘போன்ல தப்பு’ என்பதும் வெளியே வரும். கோபித்துக்கொண்டு என் கடைப்படி ஏறமாட்டீர்கள். மூன்றையும் யோசித்தேன், மூன்றில் எது பெரிய காரணம் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. பதினைந்தாயிரம் ஷேருக்கு நானே ஆர்டர் போட்டேன்.

அதனால்தான் நேற்று, வியாழக்கிழமை காலையில் முதல் பஸ் பிடித்து உங்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா முற்றத்தில் சாக்கு விரித்து விதை உளுந்தைப் புடைத்துக்கொண்டிருந்தாள். புரட்டாசிக்குள் புழுதியில் போட்டுவிட வேண்டுமே. எனக்குச் சுற்றிவளைத்துப் பேச வரவில்லை. ஒரு மூட்டையைப் பத்துப் பொட்டலமாகப் பிரித்தால் பொட்டலத்துக்கு என்ன விலை என்று கேட்டேன்.

முறத்தை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் நிறுத்தினாள்.

“அப்ப, அவிய பழைய மூட்ட வெலைய இந்தப் பொட்டலத்துக்குப் போட்டுப் பாத்திருக்காவளா?”

“ஆமாக்கா.”

“இப்ப என்ன வெல?”

“அறுபது பைசா. அதுக்கும் வாங்க ஆளில்ல.”

அவள் கணக்குப் போடவில்லை. சங்கிலியை மட்டும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, “அட்வான்ஸ் இல்லன்னு இன்னைக்கே சொல்லிரணும்” என்றாள். நான் கஷ்டப்பட்டு விளக்க நினைத்து எனக்குள் ஒத்திகை பார்த்ததெல்லாம் அவளுக்குத் தேவைப்படவில்லை. அத்தோடு நான் எழுந்து வந்திருக்கலாம். ஆனால் மறுபடியும் பாதியைச் சொல்லிப் பாதியை முழுங்க எனக்கு மனம் ஒப்பவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். போனில் தப்பு என்று சொன்னதை, பிற்பாடு தெரிந்துகொண்டதை, தெரிந்தும் ஆர்டர் போட்டதை.

முறத்தைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன்.

“நீ சொல்லியிருந்தாலும் அவிய கேட்டிருக்க மாட்டாவ” என்றாள். எனக்கு மூச்சு வந்தது. அவள் முறத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். “ஆனா நீ சொல்லியிருக்கணும்லே.”

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். சாப்பிட்டேன். வழக்கம்போல மோர் ஊற்றினாள். பஸ்ஸில் வரும்போது, அவள் என்னைக் கை நீட்டி அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

இன்று காலை குளத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். உங்கள் வயதுதான் இருக்கும். தொண்ணூறு விற்ற ஷேர் மூன்று ரூபாய்க்குக் கிடைக்கிறது, வாங்கிக்கொடு என்றார். உட்காரவைத்தேன். ஷேரைப் பிரித்தார்களா என்று பார்த்தேன், கம்பெனி உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தேன், பார்த்ததை அப்படியே சொன்னேன். “ஒனக்கு என்ன தெரியும், ஜெராக்ஸ் எடுக்கிற பய” என்று கத்திவிட்டுப் படியிறங்கிப் போனார். பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

போகட்டும் அத்தான். உங்களிடம் ஒரு தடவை வாங்கியிருக்க வேண்டிய ஏச்சு அது.