தலைமை எழுத்தர் (பொறுப்பு)

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே அனைவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் உங்களுக்குக் காது கேட்பதில்லை என்பதால்தான் கடிதம். அதுவும் நல்லதுதான், பேசினால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த நாட்டுக்கு வந்து இருபது மாதமாகிறது. நானும், நீங்கள் தங்கை என்று கூப்பிடும் என் மனைவியும் குடும்பம் நடத்துவது பஸ் நிறுத்தத்தில்தான். முதியோர் இல்லத்தில் காலை ஷிப்ட் முடித்து அவள் இரண்டே முக்காலுக்கு இறங்குவாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்கு நான் இரண்டு ஐம்பதுக்கு ஏறுவேன். அந்த ஐந்து நிமிடத்தில் வீட்டுச் சாவி, சின்னவனின் இருமல், பெரியவளின் பள்ளிக்கூடத் தாள், அடுப்பில் என்ன இருக்கிறது என்பது எல்லாம் கைமாற வேண்டும். சண்டையை ஞாயிற்றுக்கிழமைக்குச் சேர்த்து வைக்கிறோம். ஞாயிறு வந்தால் இரண்டு பேருக்கும் தூக்கம் வந்துவிடுகிறது.

இருபத்திரண்டு வருடம் கோப்பு கட்டியவன் படுக்கை விரிப்பு மடிக்கிறேன். விரிப்பின் எதிர்முனையைப் பிடிப்பவருக்கு என் பேச்சு புரியாது, அவர் பேச்சு எனக்குப் புரியாது. பதிவு அலுவலகத்தில் என் தலைமை எழுத்தர் நாற்காலி காலியாக இருக்கிறது என்ற நினைப்பில்தான் நாட்களை ஓட்டுகிறேன். அதுவும் இல்லையென்றால் இந்த நீராவிக்குள் உட்கார்ந்து அழுதுவிடுவேன் அண்ணா.

கிளம்பும்போது தேதி போடாமல் கையெழுத்திட்டு ஒரு ராஜினாமா கொடுத்தேனே, "அங்கேயே தங்கிட்டா தேதி போட்டுக் குடுத்துடுங்க" என்று. பெரிய மனுஷன் பேச்சு. அது உங்கள் இழுப்பறையிலேயே இருக்கட்டும். இப்போதைக்குத் தொடவேண்டாம்.

உங்கள் தம்பி,
அவசரம்

மார்ச் 2

அன்புத் தம்பி அவசரத்துக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அலுவலகம் உனக்கு 'அவசரம்' என்றும் எனக்கு 'நிதானம்' என்றும் சும்மாவா பேர் வைத்தது.

உன் நாற்காலியில் நான் உட்காரவில்லை. என் பழைய மேஜையிலிருந்தே உன் வேலையையும் பார்க்கிறேன். புதிதாக வந்த தட்டச்சுப் பெண், "சார், அந்த நாற்காலி உடைஞ்சிருக்கா?" என்று கேட்டாள். "இல்லம்மா, ஆள் இருக்கு" என்றேன். அவள் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, இவருக்குக் காதோடு மூளையும் போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்திருப்பாள்.

எனக்கு ஜூன் முப்பதோடு ஓய்வு. துறைத் தேர்வை நீ முதல் தடவையிலேயே தாண்டினாய், நான் நாலாவது தடவை. அதனால் வயதில் மூத்தவன் பதவி உயர்வு வரிசையில் உன் பின்னால் நிற்கிறேன். பழகிவிட்டது. எனக்குப் பிறகு உன் இடத்தை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் கவலை.

வேளைக்குச் சாப்பிடு. நீ அனுப்பிய போட்டோவில் கழுத்தெலும்பு மட்டும் தெரிகிறது.

நிதானம்

ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

ஊருக்குத் திரும்பலாம் என்று உங்கள் தங்கையிடம் ஒரு வழியாக வாயைத் திறந்து சொல்லிவிட்டேன். அவள் துவைத்த துணியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நீங்க போங்க. நான் தடுக்கல. பிள்ளைங்கள ஒரு பள்ளிக்கூடத்துல நட்டு வச்சு, இப்பதான் நிமிர்ந்து நிக்குதுங்க. மறுபடி பிடுங்க என்னால ஆகாது."

"தனியா எப்படிச் சமாளிப்ப?"

"இப்ப மட்டும் எப்படியாம்?"

பெரியவள் பள்ளிக்கூடத்தில் எனக்காக மொழிபெயர்க்கிறாள், ஆசிரியை பேசியதில் பாதியை விழுங்கிவிட்டுச் சொல்கிறாள். அவள் கைகாட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். அலுவலகத்தில் நான் காட்டிய இடத்தில் எத்தனை பேர் போட்டிருப்பார்கள்.

போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள், சொல்கிறேன்.

தம்பி

மே 8

குறிப்பாணை: தாங்கள் பெற்றுள்ள ஊதியமில்லா விடுப்பு ஜூன் 30 அன்று முடிவடைகிறது. மீண்டும் பணியில் சேர விருப்பத்தையோ ராஜினாமாவையோ எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.
ஒப்பம், தலைமை எழுத்தர் (பொறுப்பு)

தம்பி, முன்பக்கம் அலுவலகம் எழுதியது, இந்தப் பக்கம் நான். அதிகாரி தினமும் கேட்கிறார். "எழுதுவார் சார்" என்கிறேன். உன் மனசு எதைச் சொல்கிறதோ அதைச் செய். என்னை உத்தேசித்து எதையும் செய்யாதே.

நிதானம்

ஜூன் 11

அன்புள்ள அண்ணனுக்கு,

சென்ற வியாழக்கிழமை அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி, சாவியை வாங்கிக்கொண்டு நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். சின்னவனின் மருந்தைப் பற்றி நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். என் பஸ் வந்தது. நான் அசையவில்லை. அடுத்ததும் வந்து போனது. முக்கால் மணி நேரம் கழித்து விழித்து, "ஏன் போகல?" என்றாள். "பஸ் வரல" என்றேன். நம்பாமல் பார்த்தாள், ஆனால் சிரித்தாள். இவளை இங்கே விட்டுவிட்டு ஒரு நாற்காலிக்காக நான் எப்படி வருவேன்?

அன்றைக்குத்தான் குறிப்பாணையை அவளிடம் காட்டினேன். முழுக்கப் படித்தவள் அடியில் 'பொறுப்பு' என்ற இடத்தில் விரலை வைத்தாள். "அண்ணன் எத்தனை நாளா இந்த அடைப்புக்குறிக்குள்ள இருக்காரு?" என்றாள். "நீங்க அந்த இடத்த விட்டாதானே அத எடுப்பாங்க?"

எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் யோசிக்காமல் இருந்தேன். என் கஷ்டத்தையே பக்கம் பக்கமாக எழுதி, உங்கள் கடைசி வருடத்தை உட்கார்ந்தே தின்றிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

இழுப்பறையில் இருக்கும் ராஜினாமாவில் இன்றே தேதி போட்டுக் கொடுத்துவிடுங்கள். ஒரு நாளாவது தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெறுங்கள்.

தம்பி

ஜூன் 30

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. இழுப்பறையில் அந்தக் காகிதம் இல்லை.

பிப்ரவரியில் உன் கடிதம் வந்த மறுநாள் அதிகாரி கூப்பிட்டார். "அவர் ராஜினாமா ஏதாவது இருந்தா குடுங்க, உங்களுக்குப் பதவி போட்டுடலாம்" என்றார். மேஜைக்கு வந்தேன். காகிதத்தை எடுத்துப் பேனாவையும் திறந்துவிட்டேன். தேதியில் ஒரு எண் எழுதியும்விட்டேன். 'அழுதுவிடுவேன்' என்று நீ எழுதியிருந்த கடிதம் சட்டைப் பையில் இருந்தது. என்னைப் பார்த்து எனக்கே பயம் வந்துவிட்டது. அங்கேயே நாலாகக் கிழித்துப் போட்டேன். வாழ்க்கையில் நான் அவசரப்பட்டுச் செய்தது அது ஒன்றுதான்.

இனி நீ புதிதாக எழுதி, கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்பினால் போதும். அடுத்து வருகிறவருக்கு உதவும். மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. பஸ்ஸை விட்டாயே, அது நல்ல காரியம். தங்கையிடம் நான் கேட்டதாகச் சொல்.

சாயங்காலம் மாலை போட்டு டீ கொடுத்தார்கள். தட்டச்சுப் பெண் உன் நாற்காலியைத் துடைத்து இழுத்துப் போட்டு, "இன்னிக்காவது உக்காருங்க சார்" என்றாள். டீ குடித்து முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்தேன்.

நல்ல நாற்காலிதான் தம்பி. ஒரு கால் மட்டும் லேசாக ஆடுகிறது. நீ சொன்னதே இல்லை.

அன்புடன்,
அண்ணன்