ஆற்றோரத்தில் நிற்கும் லாரி

லாஸ் சௌசெஸ், நியூ மெக்சிகோ

அன்பு மகள் எர்சிலியாவுக்கு,

அம்மாவின் ஆசிகள். நான் நலம். பச்சை மிளகாய் சுட்டு உரித்து ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். உன் பங்கு தனியாக இருக்கிறது. முழங்கால் வலிதான் விட்டபாடில்லை.

நீ வேலை பார்க்கும் செனட் குழு அடுத்த வாரம் மேசா நெக்ரா ஆய்வுக்கூடத்துக்கு வருவது, நீ போனில் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். மலைமேல் பெயின்ட் அடிக்கிறார்கள். ஊரில் பாதிப் பேர் சட்டையில் வெள்ளைத் தீற்றலோடுதான் வீடு திரும்புகிறார்கள். அணுகுண்டையும் அதன் கழிவையும் ஒழுங்காகப் பாதுகாக்கிறார்களா என்று சோதிக்க வருகிறவர்கள், வரும் நாளை முன்கூட்டியே எழுதிப் போடுகிறீர்களே, அது என்ன சோதனையோ! பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு அவகாசம் தரமாட்டார்கள்.

உன்னிடம் சொல்லக்கூடாது என்று அப்பா என் வாயைக் கட்டியிருந்தார். இனி அவருக்கென்ன, வேலை போய்விடும் என்ற பயமா?

ஒவ்வொரு முறையும் குழு வரும் நாளில், கழிவு கசிகிற பீப்பாய்கள் கிடங்கில் இருக்காது. விடிவதற்குள் லாரியில் ஏற்றி, தார்ப்பாய் போட்டு மூடி, ஆற்றோரப் பிக்னிக் திடலில் மரத்தடியில் நிறுத்திவிடுவார்கள். மேலே உங்கள் ஆட்கள் சுத்தமான கிடங்கைப் பார்த்து, தொப்பி பரிசு வாங்கி, விருந்து சாப்பிட்டுக் கிளம்பும்வரை உன் அப்பா லாரிமேல் காவல் இருப்பார். நான் சுருட்டிக் கட்டிக்கொடுத்த பரீட்டோ ரொட்டியை அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவார். "நிழல்ல உக்காந்திருக்கச் சம்பளம் குடுக்கிறான் நின்ஃபா, கசக்குதா உனக்கு?" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு கடைசியில் வெறும் இருமலாகிவிட்டது.

அடக்கத்துக்கு ஆய்வுக்கூட இயக்குநர் பிராட்வெல் மலர்வளையத்தோடு வந்தான். "செலஸ்டினோ அந்த மாதிரி சாமான் பக்கமே போனதில்லம்மா, சிகரெட்டாத்தான் இருக்கும்" என்று சவப்பெட்டியைத் தொட்டுக்கொண்டே சொன்னான். பக்கத்து வீட்டில் யாராவது புகை பிடித்தாலே ஜன்னலைச் சாத்துகிற மனுஷன் உன் அப்பா! வளையத்தைப் பன்றிக்குப் போட்டேன். அவன் பதவி போனால் மட்டும் எனக்குப் போதாது. எல்லாருக்கும் முன்னால் சத்தியம் செய்யவைத்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேள்வி கேளுங்கள். அவன் பேந்தப் பேந்த விழிப்பதை நான் டிவியில் பார்க்க வேண்டும். பாதிரியார் மன்னிக்கச் சொல்கிறார். "அது உங்க வேலை சாமி, என்னை விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

நீ செய்ய வேண்டியது இதுதான். மலை ஏறுவதற்கு முன் உன் செனட்டரின் வண்டி ஆற்றுப் பக்கம் திரும்பட்டும். கால் நீட்ட, காற்று வாங்க, ஏதாவது ஒரு சாக்கு சொல். இதை மட்டும் யாருக்கும் முன்கூட்டியே எழுதிவிடாதே. எழுதினால் லாரி வேறு மரத்தடிக்குப் போய்விடும்.

இந்த முறை லாரிமேல் காவல் உன் தம்பி ருமால்டோ. ஆமாம், அப்பா உட்கார்ந்த அதே இடத்தில்தான். எவ்வளவோ சொன்னேன். "குழந்தை பொறக்கப் போகுது, இப்பப் போய் வேலைய விடுன்னா எப்படிம்மா?" என்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது இருமினான். தூசியாம்.

பிடிபட்டால் பிராட்வெல் முதலில் அவன்மேல்தான் பழியைப் போடுவான். வேலை போகும். நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்று தெரிந்தால் இந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டான். மிதிக்க வேண்டாம். என்னோடு பேசாவிட்டாலும் உயிரோடு இருக்கிற மகன் எனக்குப் போதும்.

தார்ப்பாயை விலக்கியதும் எல்லாரும் பிராட்வெல்லின் முகத்தைப் பார்க்க மலைக்கு ஓடுவார்கள். எனக்காக நீ கொஞ்சம் பின்தங்கு. அவனை நான் டிவியில் பார்த்துக்கொள்கிறேன். நீ முதலில் கையை நீட்டி உன் தம்பியை அந்த லாரியிலிருந்து கீழே இறக்கு.

மாதா உனக்குத் துணையிருக்கட்டும்.

உன் வண்டியை எதிர்பார்த்திருக்கும்
அம்மா நின்ஃபா