வேணி கண்ணாடியோடு நிற்கும் இரண்டாவது படம்

அன்புள்ள அனுசுயா அக்காவுக்கு,

கே.கே. நகர் தலைமையகத்தின் முக்கிய அறிவிப்பு: காணாமல்போன மிக்ஸி மூடி, மூன்று நாள் தீவிரத் தேடலுக்குப் பின், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் சேதமின்றி மீட்கப்பட்டது. மூடியைப் போலவே நாங்களும் சேதமில்லாமல் இருக்கோம், கனடா குளிரில் நீயும் மாமாவும் எப்படி இருக்கீங்கன்னு அம்மா கேட்கச் சொன்னாங்க. அரிவாள்மனையில் கட்டைவிரலை நறுக்கிக்கிட்டதால அவங்க சொல்லச் சொல்ல நான் எழுதறேன், நடுநடுவே என் சரக்கும் வரும், பொறுத்துக்கோ.

இதோட வர்றது அப்பா அம்மாவோட முப்பதாவது கல்யாண நாள் படம், இரண்டாம் பதிப்பு. முதல் பதிப்பு என்னாச்சுன்னா, நம்ம கடைக்குட்டி வேணி ஏழு வயசிலேயே கண்ணாடி போட்டாளே, ஆசை ஆசையா சிவப்பு ஃப்ரேம் எடுத்தாளே, ஸ்டூடியோ ஜெபராஜ் அண்ணன் கொடுத்த படத்தில் அந்தக் கண்ணாடியே இல்லை. கம்ப்யூட்டரில் அழிச்சுட்டார். சின்னப் பிள்ளை கண்ணாடியோட இருந்தா பாவமாத் தெரியுதுங்க, அதான் எடுத்துட்டேன்னு சந்தோஷமா சொன்னார். பெரியம்மாவும் பார்த்துட்டு இப்பத்தான் முகம் லட்சணமா இருக்குன்னாங்க. வேணி மட்டும் ரொம்ப நேரம் உத்துப் பார்த்துட்டு, அம்மா பக்கத்துல நிக்கிற பொண்ணு யாருன்னு கேட்டா. யாருக்கும் சிரிப்பு வரலை அக்கா. அன்னையிலேருந்து கண்ணாடி பென்சில் டப்பாவுக்குள்ள போயிடுச்சு. போர்டு தெரியாம பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதறான்னு மிஸ் கூப்பிட்டுச் சொன்னாங்க. கேட்டா, அதைப் போட்டா நான் பாவமாம்ங்கறா. அம்மா நேரே ஸ்டூடியோவுக்குப் போய், எம்பொண்ணு எப்படி இருக்காளோ அப்படியே எடுத்துக் கொடுங்கன்னாங்க. அண்ணன் பாசத்துல செஞ்சவர்தானே, முகம் வாடிப்போய் ஞாயித்துக்கிழமை வரச் சொன்னார்.

வேணி வரமாட்டேன்னுட்டா. அவளைச் சரிக்கட்டற பொறுப்பை மாவீரன் நான் ஏத்துக்கிட்டேன். உன் கல்யாண ஆல்பத்தில் எல்லாரும் கேமராவைப் பார்க்க, நான் மட்டும் பந்திப் பக்கம் திரும்பிச் சிரிப்பேனே, அந்தப் புகழ்பெற்ற படத்தைக் காட்டி, போட்டோன்னா என்னை மாதிரி தைரியமா விளையாடணும்னு சொற்பொழிவு ஆத்தினேன். அவ படத்துல மூக்கு இடிக்கிற மாதிரி குனிஞ்சு பார்த்துட்டு, அண்ணா உன் கண்ணாடி எங்கேன்னா.

சமயபுரத்துக் குங்குமம் மடிச்சு வச்சிருக்கு, ரெண்டு பேரும் இட்டுக்கோங்க. நல்லா சாப்பிட்டு, தீர்க்காயுசா இருக்கணும்னு அம்மா அப்பா ஆசீர்வாதம். வெந்நீர்தான் குடிக்கணுமாம், சனிக்கிழமை போன் பண்ண மறக்கக் கூடாதாம்.

இனி அம்மா சொல்லாதது. ரெண்டு வருஷமா அந்தப் படத்தை நான் வேணும்னே செஞ்ச குறும்புன்னு சொல்லிச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வச்சேன், நீ கூடத் திட்டினே. குறும்பெல்லாம் இல்லை அக்கா. உன் கல்யாணத்துல யாராவது சோடாபுட்டின்னுடுவாங்களோன்னு கண்ணாடியைக் கழட்டிச் சட்டைப்பையில் வச்சுக்கிட்டேன். கேமரா எந்தப் பக்கம்னே தெரியலை. வேணிகிட்ட இதைச் சொன்னதும் பென்சில் டப்பாவைத் திறந்து மாட்டிக்கிட்டு, நீயும் போட்டுக்கோ, எங்க பார்க்கணும்னு நான் சொல்றேன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. இந்தப் படத்தில் கண்ணாடி மேல ஃப்ளாஷ் அடிச்சு எங்க ரெண்டு பேர் கண்ணும் தெரியாது. ஆனா நேராத்தான் பார்க்கிறோம்.

இப்படிக்கு,
வேணி கையைப் பிடிச்சிருக்கும் தம்பி,
நவநீதன்