ஒரே மின்னுக்கு இரு செருகிகள்

தை, வெள்ளிக்கிழமை

எல்லா ஒளிக்கும் மூலமான பெருமானே, துணை.

என் தோட்டத்து நண்பன் முருகையாவின் உடல் மாலை நான்கு மணிக்கு ஈப்போ வீட்டிலிருந்து புறப்பட இருந்தது. அதற்கு முன் பதிகம் பாட வருவதாக அவனிடம் என்றோ வாக்களித்திருந்தேன். வழியில், சுங்காய் அருகே, மகள் தேவியின் மின்காரில் மின் தீரலாயிற்று. மின்னேற்றும் நிலையத்தில் இயந்திரம் ஒன்றே. அதில் இருவகைச் செருகிகள். எங்கள் காருக்குப் பொருந்தாத செருகியில் ஒரு மலாய்க்காரரின் கார் நின்றது.

"கவர்மெண்ட் ரெண்டு வகைக்கும் ஆதரவு குடுத்திருக்குப்பா. ஆனா ஒரு நேரத்துல ஒரு காடிக்குத்தான் மின் ஏறும்லா," என்றாள் தேவி.

"ஒரு வகையோடு நிறுத்தியிருக்கலாமே," என்று சலித்துக்கொண்டேன்.

முருகையாவுக்காக என் மடியிலிருந்த மாலையை அம்மனிதர் கண்டார். தேவியிடம் விவரம் கேட்டார். உடனே தம் செருகியைக் கழற்றினார்.

"அபாங் டூலு லா," என்று என்னை முந்தச் சொல்லிவிட்டு, அருகிலிருந்த சூராவ் என்னும் சிறு தொழுகைக்கூடத்துக்குத் தொழச் சென்றார்.

அவர் தொழுத நேரத்தில் எங்கள் காரில் மின் ஏறியது. நான் பதிகத்தை மனத்துள் ஓதினேன். அரசு ஒரு வகையை மட்டும் தேர்ந்திருந்தால், எங்கள் இரு கார்களில் ஒன்று அங்கே வந்திருக்கவே வழியில்லை. அந்த வியப்பு இன்னும் நீங்கவில்லை.

மூன்றரைக்கு முருகையாவின் தலைமாட்டில் நின்று பாடினேன்.

அம்மனிதரின் பெயரைக் கேட்கவில்லை. அவர் இல்லத்திலும், இதை என்றேனும் வாசிப்போர் இல்லத்திலும் விளக்கு அணையாதிருக்கட்டும்.