நடக்கிறதை விட்டுடாதேம்மா

அன்பு மகள் விஷ்ணுப்ரியாவுக்கு கிள்ளானிலிருந்து அப்பா எழுதுவது. நாங்க நலம், நீ நலமான்னு ஆரம்பிக்கிறதுதான் முறை. இந்தத் தடவை முதல் பாதியை எழுதக் கை வரலை, ரெண்டாவது பாதியை மட்டும் கேட்டுக்கறேன், டப்ளின்ல நீ நல்லா இருக்கியாமா, குளிருக்கு நெஞ்சுல சளி கட்டாம இருக்கா. இமெயில்ல அனுப்பாம தபால்ல போடுறாரேன்னு பயந்துடாதே, யாரும் சாகலை. உட்கார்ந்து படி. உங்கம்மாவுக்கு இடது கால் முட்டிக்குக் கீழே இல்லைமா. ஜனவரி மாசமே எடுத்தாச்சு. இதை உனக்கு எழுதினேன், உனக்குத் தெரியும்னுதான் நாலு மாசமா நினைச்சிட்டு இருந்தேன், தெரியாதுங்கிறது போன செவ்வாய்க்கிழமைதான் எனக்குத் தெரிஞ்சுச்சு.

போன்லயே சொல்லியிருக்கலாம், வாய் வரலை. கால்ல புண்ணு, கழுவிக் கட்டுறாங்கன்னு மழுப்பிட்டேன், அது உனக்கே ஞாபகம் இருக்கும். இனிப்பு நீர் வியாதியால வந்த புண்ணு, ஒரே வாரத்துல கருத்துப் போச்சு, டாக்டர் கையெழுத்துக் கேட்டாரு, போட்டுட்டேன். வீட்டுக்கு வந்து உனக்கு இமெயில் எழுத உட்கார்ந்தா அதுலயும் நேரா எழுத தைரியம் இல்லை, தண்ணி வராதது, கமலநாதன் மகள் கல்யாணம், பக்கத்து வீட்டு மாமரம்னு சுத்தி வளைச்சு கடைசியில நாலு வரியில எழுதினேன். அந்த சனிக்கிழமை உன் பதில் வந்துச்சு. கண்ணு எப்படிப்பா இருக்கு, இங்கே ரொம்பக் குளிரு, அம்மா சாயங்காலம் பாடாங் திடலைச் சுத்தி நடக்கிறதை விட்டுடாதேம்மான்னு எழுதியிருந்தே. காலைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. நீ தாங்க முடியாமத்தான் எழுதலைன்னு நினைச்சுக்கிட்டேன். அம்மாவும் போன்ல அந்தப் பேச்சை எடுக்காது, புள்ளை தாங்காதாம். ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே வரி வந்துக்கிட்டு இருந்துச்சு.

செயற்கைக் காலுக்கு உதவி கேட்டு மலாய்ல ஒரு கடிதம் தேவைப்பட்டுச்சு. தீபாவளிக்கு வந்தப்போ பழைய லேப்டாப்ல உன் கணக்கையே திறந்து அந்த ஏஐயைப் போட்டுக் கொடுத்துட்டுப் போனியே, கீபோர்டுல அந்த சாய்ஞ்ச கோட்டை அமுக்கி சூராட்னு அடிச்சா மலாய்க் கடிதம் தானா வரும், ஷார்ட்கட்டுப்பா, குழந்தைகூட செய்யும்னு சொன்னியே. குழந்தை செய்யும்லா, எனக்குத்தான் வராது. மேரு டவுன்ல முப்பது வருஷம் லோரிக்கு டெலிவரி ஆர்டர் எழுதினவன், கோட்டை அமுக்கிட்டு அடுத்த எழுத்து எங்கேன்னு கீபோர்டுல தேடிக்கிட்டு இருந்தேன். அதுக்குள்ள நீ வச்சிருக்கிற ஷார்ட்கட் எல்லாம் வரிசையா வந்து நின்னுச்சு. மீட்டிங், ரிப்போர்ட், சூராட், அதுக்கும் கீழே அப்பா. எனக்குன்னு ஏதோ செஞ்சு வச்சிருக்கியேன்னு சந்தோஷமா அமுக்கினேன். நீ இங்கிலீஷ்ல எழுதி வச்சிருந்தது வந்துச்சு. அப்பாவுக்குப் பதில், எளிய தமிழ்ல, பாசமா, பத்து வரி. கண்ணைப் பத்திக் கேள். குளிரைச் சொல். அம்மா சாயங்காலம் பாடாங்கைச் சுத்தி நடக்கிறதை விடக்கூடாதுன்னு சொல். ஊருக்கு வர்ற தேதி எதுவும் சொல்லாதே. நான் எழுதினதைப் படின்னு அதுல ஒரு வார்த்தை இல்லை. ரெண்டே நொடியில சனிக்கிழமைக் கடிதம் செவ்வாய்க்கிழமையே கண்ணு முன்னால வந்துடுச்சு. கண்ணு எப்படிப்பா இருக்குன்னு கேட்டுச்சு. பழக்கதோஷத்துல நல்லா இருக்கேன்மான்னு பதில் அடிச்சிட்டேன். அதுக்கும் ரொம்ப சந்தோஷம்பான்னு சொல்லுச்சு. மூடி வச்சிட்டு வெளியே போய்த் துணி காயப்போட்டேன்.

கோபம் வந்துச்சு, இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் யோசிச்சுப் பார்த்தா, கால் போனதைப் புண்ணுன்னு மழுப்பினவன் மகள்தானே நீ, வேற எப்படி இருப்பே. என் கஷ்டம் இப்ப அது இல்லைமா, உங்கம்மாதான். உன் கடிதத்தை நான்தான் படிச்சுக் காட்டுறேன். முதல் வாரம் அந்த நடக்கிற வரியைப் படிச்சப்போ அழப்போகுதுன்னு பயந்தேன், அழலை. அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொல்லுச்சு. அப்புறம், வர்றவங்க எல்லாம் ஐயோ பாவம்னுட்டுப் போறாங்க, கால் போனது தெரிஞ்சும் என் புள்ளை ஒண்ணுதான் நடன்னு சொல்லுது பாருங்கன்னுச்சு. அதுவரைக்கும் கட்டிலை விட்டு இறங்காது, சோறு கேட்காது. மறுநாள் வாக்கரைக் கொண்டாங்கன்னுச்சு. இப்ப அதைப் பிடிச்சுக்கிட்டு சமையக்கட்டு வரைக்கும் வருது. போன வாரம் பிரிக்பீல்ட்ஸ்ல கால் அளவெடுக்க கொமுட்டர் ரயில்ல கூட்டிட்டுப் போனேன், அளவெடுத்த பொண்ணுகிட்ட என் மகள் நடக்கச் சொல்லியிருக்கு, சீக்கிரம் கொடுங்கம்மான்னு வீல்சேர்ல உட்கார்ந்துக்கிட்டு அதட்டுது. நான் எங்கே போய் முட்டிக்கிறது. அம்மாகிட்டப் போய், அது உன் மகள் சொன்னது இல்லை, ஒரு கோட்டை அமுக்கினா வர்றதுன்னு நான் எந்த வாயால சொல்றது.

கையால எழுதினா அந்த ஏஐக்குப் படிக்க வராதான்னு போட்டோஸ்டேட் கடை ஹாசிம் பாய்கிட்ட கேட்டேன், படம் பிடிச்சுக் காட்டினா அதையும் படிச்சிடும்ங்கிறாரு. அதுக்கு மேல எனக்கு வழி தெரியலை. தயவு பண்ணி இதை அதுகிட்ட காட்டாதே, நீயே படி. படிச்சா அழுவே, அழுதுக்கோ, ஆனா சனிக்கிழமை அழுது எழுதிடாதே. எழுதினா உனக்கு இப்பத்தான் தெரியும்னு அம்மாவுக்குப் புரிஞ்சுடும், திரும்பக் கட்டில்ல போய்ப் படுத்துடும், என்னால தூக்கி நிறுத்த முடியாது. என் கண்ணு பரவாயில்லை, கேட்க வேண்டாம். வர்ற தேதியும் சொல்ல வேண்டாம், உன் வேலை எனக்குத் தெரியும். அந்த நடக்கிற வரியை மட்டும் உன் கையால அடி, தமிழ் தப்பா இருந்தாலும் பரவாயில்லை. நான் அதைப் படிச்சுக் காட்டுறப்போ அது பொய்யா இருக்கக் கூடாது.

வெளியே போறப்போ தலைக்குக் குல்லா போட்டுக்கோ, வெறும் வயித்துல காப்பி குடிக்காதே. கிள்ளான் முருகன் உனக்குத் துணையா இருப்பான், ஒரு குறையும் வராது. யாருக்கு எழுதுறீங்கன்னு அம்மா கேட்டுச்சு, உனக்குன்னு சொன்னேன், என் ஆசீர்வாதத்தையும் போடுங்கன்னுச்சு. சமையக்கட்டுல இருந்துதான் சொல்லுச்சு, நின்னுக்கிட்டு.

இப்படிக்கு
உன் அப்பா,
பரமேஸ்வரன்